இன்னைக்கு யார் வரல?

எங்கள் ஃபுட்பால் கேம்ப்பின் மொத்தச் சொத்தும் ஒரு கோணிப்பைக்குள் அடங்கிவிடும். ஆறு பந்து. அதில் இரண்டு, ராத்திரி காற்றடித்து வைத்தால் காலைக்குள் தொங்கிப்போகும். கோன் 17. வாங்கியது 20, மூன்றின் மேல் தண்ணி லாரி ஏறிவிட்டது. ஒரு பம்ப், எப்போதும் காணாமல்போகிற அதன் ஊசி, வலிக்கு அடிக்கும் ஸ்பிரே, அரை மூட்டை சுண்ணாம்புப் பொடி. இது போக 80 பக்க நோட்டு ஒன்று. அந்த நோட்டுதான் என் டிபார்ட்மென்ட்.

எனக்கு ஃபுட்பால் சொல்லித்தரத் தெரியாது. சின்ன வயதில் ஆடியிருக்கிறேன், பேக்கில் நின்று வருகிற பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு உதைக்கிற ரகம். பிழைப்புக்கு ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அதனால் இங்கேயும் கணக்கு என் தலையில் விழுந்தது. சொல்லித்தருகிறவர் வேறு. பகலெல்லாம் வண்டியில் கூரியர் டெலிவரி. எங்கள் தெருப்பக்கம் 'மாஸ்டர்' என்றால் அவர்தான். என்னைவிட ஆறு வயது சின்னவர், இருந்தாலும் எனக்கும் அவர் மாஸ்டர்தான். அவருக்கு நான் 'ணா'. ஐந்தே முக்காலுக்கு விசில், ஏழேகாலுக்குக் கலையணும், எட்டரைக்கு அவர் குடோனில் இருந்தாக வேண்டும். பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான். சம்பளம் என்று ஒரு பைசா கிடையாது.

இடம், வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் பத்து நிமிஷம். இந்தப் பக்கத்தைப் பற்றி எழுத வருகிறவர்கள் முதல் வரியிலேயே 'குட்டி பிரேசில்' என்று போட்டுவிடுவார்கள். இங்கே ஒருத்தர் வாயிலும் நான் அதைக் கேட்டதில்லை. 2018இல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) ஃபுட்பால் கோப்பையை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் இருந்த தனபால் கணேஷ் வியாசர்பாடிப் பையன் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். பாதிப் பசங்களின் அம்மாக்கள் தங்களுக்கு அவரைத் தெரியும் என்கிறார்கள். இருக்கலாம்.

நான் எழுத உட்கார்ந்தது அவர்களைப் பற்றி இல்லை. எங்களிடம் வராதவர்களைப் பற்றி. அதற்கு முன்னால் பி.டி. பீரியட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நான் படித்த பள்ளியில் வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட். பரீட்சை நெருங்கினால் கணக்கு சார் ஒன்றைத் தூக்கிவிடுவார், இங்கிலீஷ் டீச்சர் இன்னொன்றை. இது தமிழ்நாடு முழுக்க உள்ள வியாதி. 2023இல் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின், பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று கணக்கு, அறிவியல் ஆசிரியர்களிடம் மேடையிலேயே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. கடன் என்பதுதான் வேடிக்கை. திருப்பித் தந்த கணக்கு சார் எவரையும் எனக்குத் தெரியாது.

அந்த பி.டி. பீரியடை ஒரு பொற்காலமாக்க எனக்கு ஆசை இல்லை. எங்கள் பி.டி. சார் ஸ்கூல் டீம் பசங்க பதினைந்து பேருக்குப் பந்தைக் கொடுத்துவிட்டு, மீதிப் பேரை வரிசையாக நிறுத்தி மைதானத்தில் கல் பொறுக்கச் சொல்வார். சுதந்திர தினத்துக்கு ஒரு மாசம் இருக்கும்போது மாஸ் டிரில். கையை மேலே தூக்கு, பக்கவாட்டில் நீட்டு, ஒன் டூ த்ரீ ஃபோர். கல் பொறுக்கியதும் கை தூக்கியதும்தான் என் விளையாட்டுக் கல்வி. ஆனால் சார் விசில் ஊதினால் வகுப்பு முழுக்க வெளியே வந்துவிடும். ஆஸ்துமாக்காரன், கண்ணாடிக்காரன், அழுதுகொண்டே வருகிறவன், எல்லோரும். யாரோ ஒருவன் கிளாஸிலேயே உட்கார்ந்திருந்தால் "எங்கடா அவன்?" என்று கேட்க ஒரு ஆள் இருந்தார். கையில் பேர் எழுதிய ரெஜிஸ்டர் இருந்தது.

இப்போது எங்களிடம் வரும் பசங்களைக் கேட்டால் ஒவ்வொருவனும் ஒரு கதை சொல்கிறான். "எங்க ஸ்கூல்ல பி.டி. சார் இல்லணா." "இருந்தாரு, ரிட்டயர் ஆயிட்டாரு, வேற ஆள் வரல." "செவ்வாய், வியாழன் மட்டும் வருவாருணா, மதியானம் போயிடுவாரு."

மூன்றாவதாகச் சொன்னவன் பகுதிநேர ஆசிரியரைச் சொல்கிறான். 2012இல் உடற்கல்வி, ஓவியம், தையல், இசை மாதிரிப் பாடங்களுக்கு அரசுப் பள்ளிகளில் 16,549 பேரைப் பகுதிநேரமாக எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். போராட்டத்துக்கு மேல் போராட்டம் நடத்தி 2024இல் அது 12,500 ஆனது. கல்வி உரிமைச் சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். ஆறிலிருந்து எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்கு ஆள் வேண்டும் என்று 2009இல் எழுதிய அந்தச் சட்டமே அவரைப் 'பகுதிநேரப் பயிற்றுநர்' என்றுதான் கூப்பிடுகிறது. மைதானம் கட்டாயம், அதில் நிற்கிறவர் பாதி நாளைக்கு. கணக்கு சாரைப் பகுதிநேரமாகப் போட எந்தச் சட்டத்துக்கும் கை வராது.

பொருளுக்கு என்ன வருகிறது? ஒன்றிய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில் விளையாட்டு மானியம் என்று ஒரு தலைப்பு உண்டு. தொடக்கப் பள்ளிக்கு வருஷம் 5,000, நடுநிலைக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைக்கு 25,000 வரைக்கும். கணக்குப்பிள்ளை புத்தி சும்மா இருக்குமா? ஆயிரம் பேர் படிக்கும் மேல்நிலைப் பள்ளியில் ஒரு தலைக்கு 25 ரூபாய். வருஷத்துக்கு. எங்கள் திடல் வாசலில் ஒரு டீயும் ஒரு வடையும் சாப்பிட்டால் சரியாகிவிடும். அந்தத் திட்டப் பணத்திலும் 2024-25க்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி நின்றுபோனது. தேசியக் கல்விக் கொள்கையோடு சேர்ந்த பி.எம். ஸ்ரீ பள்ளிகள் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்துப் போடவில்லை என்று ஒன்றிய அரசு நிறுத்தியது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. கோடிகளில் பேசுகிறவர்கள் பேசட்டும். ஒரு பள்ளிக்கு வரும் பணம் குறைந்தால் சுண்ணாம்பு அடிப்பது நிற்காது, கரண்ட் பில் நிற்காது. பந்துதான் முதலில் நிற்கும். ஹெச்.எம். நாற்காலியில் என்னை உட்கார வைத்தாலும் நான் அதைத்தான் செய்வேன்.

அந்த ஓட்டையில்தான் எங்களைப் போன்றவர்கள் கோணிப்பையோடு நுழைகிறோம்.

வட சென்னையில் எந்த விளையாட்டு எங்கே பிழைத்திருக்கிறது என்று பார்த்தால், இடம்தான் அதைத் தீர்மானித்திருக்கிறது. கேரம் போர்டின் ஆடும் பரப்பு 29 அங்குல சதுரம். நாலு பேர் முட்டிபோட்டு உட்காரும் அறை போதும், மேலே ஒரு பல்பு, ஒரு டப்பா போரிக் பவுடர். மன்றத்திலும் படிப்பகத்திலும் மொட்டை மாடி ஷெட்டிலும் ஆடலாம். அதனால் மரிய இருதயம் 1991இலும் 1995இலும் உலகப் பட்டம் கொண்டுவந்த பிறகு, கேரம் இந்தப் பக்கத்தின் சொந்த ஆட்டமாகிவிட்டது. மீன்பாடி வண்டி ஓட்டியவரின் மகள் இளவழகி 2008இல் உலக சாம்பியன். ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா 2024இல் அமெரிக்கா போய் மூன்று தங்கத்தோடு வந்தார், அரசு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. நகரத்துக்கு அந்தக் கோடியில், 2000 வாக்கில் உள்ளூர்க் குடிசைகளைப் பெயர்த்துக் கொண்டுபோய்க் கொட்டிய கண்ணகி நகரில், கபடி. அங்கிருந்து கார்த்திகா 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியின் துணைக் கேப்டன். கபடிக்குப் பந்தும் வேண்டாம், பேட்டும் வேண்டாம்.

ஃபுட்பாலுக்கு மைதானம் வேண்டும். அங்கேதான் சிக்கல். 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி, தன் செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கலாம் என்று மன்றத்தில் தீர்மானம் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் வாபஸ் ஆகி, இலவசமே தொடரும் என்றார்கள். எங்கள் திடல் வெறும் மண், அதற்கு எவனும் வாடகை கேட்க மாட்டான் என்று மாஸ்டர் சிரித்தார். நான் அன்றைக்கே நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். முப்பத்தாறு பசங்க, ஒன்றரை மணி நேரம்: ஒரு காலைக்கு 6,480 ரூபாய். எங்களுக்கு அந்த வருஷம் முழுக்க வந்த நன்கொடை 31,000. ஐந்து காலைகூட ஆட முடியாது.

அந்த 31,000 எப்படிப் போகிறது என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு நோட்டைக் காட்டுவேன். முட்டைதான் பெரிய செலவு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆளுக்கு ஒன்று. மற்ற நாளில் ஊறவைத்த கொண்டைக்கடலை, ஒரு அக்கா வீட்டிலிருந்து தூக்குவாளியில் வரும். பிறகு டோர்னமென்ட் என்ட்ரி ஃபீஸ். பிறகு செருப்புத் தைப்பவர். அவருக்கு மாசம் முந்நூறாவது போகும், ஸ்டட்ஸுக்காக, அதாவது ஃபுட்பால் ஷூவுக்காக.

எங்களிடம் ஸ்டட்ஸ் யாருக்கும் சொந்தமில்லை. கால் பெரிசானால் அடுத்தவனுக்கு. போன மாசம் ஒரு ஜோடி கிழிந்து வந்தது, ஆறாம் நம்பர். நாக்கைப் புரட்டினேன். உள்ளே பால்பாயிண்ட்டில் ஒரு பெயர், அதை அடித்துவிட்டுக் கீழே இன்னொரு பெயர், அதையும் அடித்துவிட்டு மூன்றாவது. முதல் பெயருக்குச் சொந்தக்காரன் இப்போது போரூர் பக்கம் ஏ.சி. மெக்கானிக். இப்போது போட்டுக்கொண்டிருக்கும் பொடியனுக்கு நாலாம் நம்பர் கால். முன்பக்கம் பழைய பனியன் துணியை அடைத்துக்கொண்டு ஓடுகிறான். பந்தை உதைத்தால் முதலில் ஷூ பறக்கும், அப்புறம் பந்து. அதற்கு ஆஃப்சைட் கொடுக்கணுமா என்று பசங்களுக்குள் ஒரு பெரிய விவாதமே நடந்தது.

பசங்க பள்ளிக்கூட ஸோனல் மேட்ச்சில் ஜெயிப்பார்கள். ஆறு நாள் எங்களிடம் கற்றவன், ஏழாம் நாள் பள்ளி பனியனில் ஆடுவான். கப்பு ஹெச்.எம். ரூம் அலமாரியில் ஏறும், மறுநாள் பிரேயரில் கைதட்டல். ஒரு தடவை எனக்குப் பொறுக்கவில்லை. "மாஸ்டர், அந்த ஸ்கூல்ல ஒரு பந்துகூட இல்ல, கப்ப மட்டும் வச்சிக்கிறாங்களே" என்றேன். அவர் கோனை அடுக்கிக்கொண்டே, "சர்டிபிகேட்டுல ஸ்கூல் பேர் இருக்கட்டும்ணா. அப்பதான் பையனுக்கு நாளைக்கு யூஸ் ஆவும். நம்ம பேரைப் போட்டா எவன் மதிப்பான்?" என்றார். பெற்றோர் நினைப்பும் அதுதான். கேம்ப்பில் சேர்க்க வரும் அப்பா கேட்கும் முதல் கேள்வி, "ஐ.சி.எஃப்.ல எடுப்பாங்களா, ரயில்வேல கெடைக்குமா?" மாநில அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு 3 சதவீதம். அந்த மூன்றுக்குள் தன் பையன் நுழைந்துவிடுவான் என்றுதான் விடியற்காலை எழுப்பி அனுப்புகிறார்கள். தப்பென்று சொல்ல நான் யார்?

இங்கேதான் எனக்கு உறுத்த ஆரம்பித்தது. மாஸ்டர் அறியாமல் செய்கிற ஒரு வேலை உண்டு, நானும் அதற்கு உடந்தை. வருகிறவர்களில் ஆடத் தெரிந்தவனைப் பார்த்ததும் எங்கள் கண் அவன்மேல் ஒட்டிக்கொள்ளும். முட்டை மிச்சமிருந்தால் அவனுக்கு இரண்டாவது. டோர்னமென்ட்டுக்குப் பன்னிரண்டு பேர்தான் போக முடியும் என்றால் யார் போவார்கள்? காசு கொடுக்கும் கடைக்காரர் "எத்தன கப்பு?" என்றுதான் கேட்கிறார், எத்தனை பேர் ஓடினார்கள் என்று கேட்பதில்லை. ஜெயிக்காத கேம்ப்புக்கு அடுத்த வருஷம் நன்கொடை கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முந்தின கோடைக் கேம்ப்பில் ஒரு பையன் வந்தான். பன்னிரண்டு வயது, கனத்த உடம்பு. பசங்க அவனுக்கு வைத்த பெயரை இங்கே எழுத மாட்டேன். டீம் பிரிக்கும்போது அவன் எப்போதும் கடைசி. அவனை எடுக்க வேண்டியவன் முகத்தைச் சுளிப்பான். மாஸ்டர் அவனை கோல்கீப்பராக நிறுத்தினார். நாலு கோல் விழுந்தது, பின்னால் இருந்து ஒரே கூச்சல். ஒன்பது நாள் வந்தான். பத்தாம் நாள் வரவில்லை. அவன் வராததை நான் கவனிக்கவே இல்லை. முட்டைக் கணக்கில் ஒன்று குறைந்தது, அவ்வளவுதான்.

மூன்று மாசம் கழித்து மார்க்கெட்டில் அவன் அப்பாவின் வெங்காயத் தள்ளுவண்டிப் பக்கத்தில் பார்த்தேன். ஏன்டா வரல என்றேன். தராசில் இருந்து கண்ணை எடுக்காமல், "எனக்கு ஃபுட்பால் வராதுணா," என்றான். கொஞ்சம் பொறுத்து, "ஓட மட்டும் புடிக்கும்" என்றான்.

அரைக்கிலோ வெங்காயம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டில் ஏற்கெனவே இரண்டு கிலோ இருந்தது, அது வேறு பேச்சு.

ஓட மட்டும் பிடிக்கிறவனுக்கு எங்கே போக்கிடம்? எங்களுடையது ஃபுட்பால் கேம்ப். பக்கத்துத் தெருவில் கேரம். இரண்டு பஸ் மாறினால் பாக்ஸிங். எல்லாமே ஏதோ ஒன்றில் கெட்டிக்காரனாக வருகிறவனுக்கான கதவு. எதிலும் கெட்டிக்காரன் இல்லாத, சும்மா ஓடிக் களைத்து வேர்க்க ஆசைப்படுகிற பிள்ளைக்கு ஒரே இடம் பள்ளிக்கூடத்து பி.டி. பீரியட்தான். கல்லாவது பொறுக்கியிருப்பான்.

பெண் பிள்ளைகள் கதை இன்னும் மோசம். ஏழு பேர் இருந்தார்கள், இப்போது இரண்டு. ஒருத்தி வீட்டில் காலையில் தண்ணி லாரி வரும். குடத்தை வரிசையில் வைத்துக் காவல் நிற்பது அவள் வேலை. அண்ணன் அதே நேரத்தில் எங்களிடம் ஆடிக்கொண்டிருப்பான். மற்றவர்கள் வயசுக்கு வந்ததும் நின்றார்கள். ஒரு அம்மாவிடம் போய்க் கேட்டேன். "கிரவுண்டுல பாத்ரூம் இருக்காண்ணா?" என்றார். இல்லை. பசங்க காம்பவுண்டு சுவரோரம் ஒதுங்குகிறார்கள், எங்களுக்கு அது ஒரு குறையாகவே தோன்றியதில்லை. எந்த ஓட்டைப் பள்ளிக்கூடமாக இருந்தாலும் அங்கே கதவு போட்ட ஒரு இடமும் ஒரு டீச்சரம்மாவும் உண்டு. எங்கள் கோணிப்பைக்குள் அது இல்லை.

எங்களைப் பாராட்டிப் போன வருஷம் ஒரு விழாவில் பொன்னாடை போட்டார்கள். அரசால் முடியாததை இந்த இளைஞர்கள் செய்கிறார்கள் என்று ஒருவர் மைக்கில் சொன்னார். நாற்பத்து நாலு வயசில் இளைஞன் என்றது சந்தோஷம். மீதி வாக்கியம் உடம்பில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. எங்களிடம் வருவது முப்பத்தாறு பேர். சுற்றி இருக்கும் பள்ளிகளில் ஒன்றில் மட்டும் எழுநூறு பேர் படிக்கிறார்கள். ஓட்டையை நாங்கள் அடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, ஓட்டை போட்டவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்களோ என்று ஒரு சந்தேகம்.

அன்றிலிருந்து நோட்டை இரண்டாகப் பிரித்தேன். முன்பக்கமிருந்து வரவு செலவு. பின்பக்கமிருந்து, வந்து நின்றுபோனவர்களின் பெயர்கள், எந்தத் தெரு, எப்போதிலிருந்து, ஏன். 'ஏன்' பத்தியை நிரப்ப வீட்டுக்கு வீடு போக வேண்டியிருந்தது. தண்ணி. டியூஷன். சித்தப்பா கடை. முட்டி வலி. வெங்காயம். இரண்டு மூன்று பேர் காரணம் சொல்லாமல் சிரித்தார்கள். இருபத்து மூன்று பெயர் சேர்ந்ததும் மாஸ்டரிடம் காட்டினேன். விசிலை வாயிலிருந்து எடுக்காமல் முழுக்கப் படித்தார்.

"இவ்ளோ பேரா?"

"எனக்குத் தெரிஞ்சது."

"ஆறு பந்துணா நம்மகிட்ட. இத்தன பேரை வச்சிட்டு நா இன்னா பண்ண?"

"பந்து இல்லாம எதுனா பண்ணுங்க."

முறைத்தார். அடுத்த வாரம் அவரே, கூரியர் கொடுக்கப் போன இடத்தில் பாரிமுனைக் கயிற்றுக் கடையில் நைலான் கயிறு மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கிவந்தார். ஸ்கிப்பிங்குக்குப் பத்துத் துண்டு, கட்டி இழுக்க ஒரு நீளம். பில்லை என்னிடம் நீட்டினார்: 340 ரூபாய். செலவுப் பக்கத்தில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று புரியாமல் 'இதர' என்று போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு, மேட்ச் எதுவும் கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று தெருத் தெருவாகச் சொன்னோம். சாயங்காலம் தண்ணி லாரி வராது. எதிர் வீட்டு அக்கா, பெண் பிள்ளைகள் தன் வீட்டு பாத்ரூமைப் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்றார். முதல் வாரம் வந்தது நாலு பேர். மூன்றாம் வாரம் ஒன்பது. கயிறு இழுப்பதில் ஒரு பெண் மூன்று பையன்களைத் தரையோடு இழுத்துக்கொண்டு போனாள். மாஸ்டர் உடனே அவளைக் கபடியில் போடலாமா என்று ஆரம்பித்தார். சும்மா இருங்க மாஸ்டர் என்றேன்.

நாலாம் வாரம் நான் நோட்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்தபோது கேட் பக்கம் ஒரு நிழல். வெங்காய வண்டிக்காரர் பையன். உயர்ந்திருந்தான், மீசை முளைக்க ஆரம்பித்திருந்தது. உள்ளே வராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இன்னைக்கு மேட்ச் இல்லல்லணா?"

"இல்லடா."

கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தான். அப்புறம் செருப்பைக் கழற்றி, சுவரோரமாக ஜோடியாக வைத்துவிட்டு வந்தான்.